மாரியில் வன்னிக் காட்டுக்குள் நடப்பது: என்ன நடந்தால் என்ன செய்வது

இலங்கையின் வடக்கே வன்னியில் காலபோகம் (மாரி மழையை நம்பிய நெல்) விதைத்து முடிந்தால் ஊருக்குள் மாட்டுக்கு இடமில்லை. பட்டியைக் காட்டுப் பக்கம் சாய்த்துவிடுவார்கள். ஐப்பசியில் தொடங்கும் மழை கார்த்திகை, மார்கழியில் அடைமழையாக நிற்கும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு நாம்பனோ கன்றுத்தாச்சி மாடோ காணாமல் போகும். தேடிப் போகாமல் இருக்க முடியாது. இது முதலில் அவர்களுக்கு. அப்புறம் காளானுக்குப் போகிறவர்களுக்கு, டிசெம்பர் விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து "காடு பார்க்க வேணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கும் பிள்ளைகளுக்கு, அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும் மாமாமாருக்கு.

ஒதுக்கக் காட்டுக்குள் போக வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தின் எல்லைக்குள் போவதென்றால் அவர்களிடம் கேட்க வேண்டும். சுண்டிக்குளம், மடு வீதிப் பக்கமெல்லாம் இப்போது தேசியப் பூங்கா. அதை முடித்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள்.

கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு ஒரே காரணம்தான்: கோடையில் போன பாதையிலேயே மாரியிலும் போவது. கோடைப் பாதை பள்ளத்தைத் தேடிப் போகும். காய்ந்த ஓடை, குளத்து அலைகரை (தண்ணீர் ஏறி இறங்கும் உட்கரை), மர நிழல் உள்ள தாழ்நிலம் எல்லாம் அப்போது நடக்கச் சுகம். மழை விழுந்ததும் தண்ணீர் கூடுவதும் அதே இடங்களில்தான். மாரிப் பாதை மேட்டோடு போக வேண்டும், சுற்றாக இருந்தாலும்.

கால் புதைகிறது, பூட்ஸ் சேற்றோடு நின்றுவிடுகிறது

கணுக்கால் வரை புதைவது மாரியில் சாதாரணம், அதற்கு வைத்தியம் தேவையில்லை. கெண்டைக்கால் பாதி வரை போய், இழுத்தால் கால் மட்டும் வந்து பூட்ஸ் வராமல் நிற்பதுதான் சிக்கல்.

முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். ஈரக்களி அடிப்பாகத்தை ஒட்டி மூடிக்கொள்ளும். நேரே மேலே இழுக்க இழுக்க உள்ளே காற்றில்லாத இடம் உண்டாகிப் பிடி இன்னும் இறுகும். மற்றக் காலில் முழுப் பாரத்தையும் போட்டால் அதுவும் இறங்கும். கையில் இருக்கும் தடியைச் சேற்றின் மேல் குறுக்கே படுக்கப் போட்டு அதில் கையை ஊன்றுங்கள். புதைந்த காலின் குதியை இடமும் வலமுமாக மெல்ல அசைத்து, காலுக்கும் சேற்றுக்கும் நடுவில் தண்ணீர் இறங்க விடுங்கள். கொஞ்ச நேரத்தில் 'பளக்' என்று ஒரு சத்தம் வரும். உள்ளே காற்றுப் போய்விட்டது என்று அர்த்தம். இப்போது குதியை முதலில் தூக்கி, விரல் நுனி கீழே பார்த்தபடி, முன்னுக்கு வைக்காமல் பின்னுக்கு எடுங்கள். பின்னால் இருப்பது உங்களைத் தாங்கிய தரை. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது.

தொடை வரை போய்விட்டால் நிற்கப் பார்க்க வேண்டாம். பையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்பக்கமாக உட்காருங்கள், தேவையானால் சாய்ந்து படுங்கள். உடுப்பு நாறினால் கிணற்றடியில் கழுவலாம். பாரம் பரவியதும் புதைவது நிற்கும். ஒவ்வொரு காலாக அசைத்து எடுத்து, படுத்தபடியே உருண்டு வெளியே வாருங்கள்.

கனடாவில் இருக்கும் மருமக்களிடம் இதைச் சொன்னால், "பனிச்சப்பாத்து மாதிரி ஒன்றைக் கட்டிப் பாருங்கோ மாமா" என்பார்கள். அங்கே பனி மூடிய காட்டில் சப்பாத்துக்குக் கீழே அகலச் சட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். பாரம் பரவுவதால் கால் முழுதாக இறங்காது. புதுப்பனிக்குள் நிறையக் காற்று இருக்கும். மிதித்தால் அமுங்கும், தூக்கினால் விட்டுவிடும். எங்கள் களி விடாது. காலில் பலகை கட்டினால், அது எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குப் பிடிக்கும், கால் சுளுக்கிக்கொள்ளும். பாரத்தைப் பரப்ப வேண்டுமென்றால் விழுந்து கிடக்கும் கொப்புகளை இழுத்து வந்து சேற்றின் மேல் குறுக்கே போட்டு, அவற்றை மிதித்துப் போங்கள். கொப்பு அங்கேயே கிடக்கட்டும், கால் மட்டும் வரட்டும்.

வெளியே வந்த பிறகு நிமிர்ந்து மரத்தைப் பாருங்கள். தரையைவிட மரம் தெளிவாகச் சொல்லும். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் இடம் பெரும்பாலும் தண்ணீர் வடியும் மேட்டு நிலம், கீழே சரளை கலந்த செங்கபில மண். மேற்பக்கம் குழைந்தாலும் அடி கெட்டியாக இருக்கும். மருது வந்துவிட்டால் ஆறோ ஓடையோ கிட்ட என்று கணக்கு. இலுப்பையும் பெரும்பாலும் ஆற்றங்கரையை விட்டு விலகாது. மரமே இல்லாமல் நடுவில் கோரையும் புல்லுமாகப் பச்சைப் பசேலென்று ஒரு வெளி தெரிந்தால், அதுதான் ஆளைக் கூப்பிடும் இடம். கோடையில் காய்ந்து கிடந்த மோட்டையாக, அதாவது மழைக்குத் தண்ணீர் நிற்கும் பள்ளமாக இருக்கும். குறுக்கே போகாமல் சுற்றிப் போங்கள். குளத்து அலைகரை இன்னும் மோசம். ஓடை கொண்டு வந்த வண்டல் எல்லாம் வந்து படிவது அங்கேதான்.

மன்னார்ப் பக்கம் முருங்கனைச் சுற்றியுள்ள கறுப்புக் களி வேறு சாதி. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஈரம் பட்டதும் ஊதிப் பிசினாகும். அதில் கால் புதைவதைவிட, ஒவ்வொரு அடிக்கும் மண் ஒட்டி ஒட்டிப் பூட்ஸ் பாரமாவதுதான் தொல்லை. தடி நுனியால் சுரண்டிச் சுரண்டி நடக்கலாம். ஆனால் மழை விட்டு இரண்டு நாள் வெயில் எறிக்கும் வரை போகாமல் இருப்பதுதான் என் யோசனை.

பூட்ஸுக்குள் தண்ணீர் நிறைந்துவிடுகிறது

காற்சட்டையைப் பூட்ஸுக்குள் திணித்திருப்பீர்கள். மழைத் தண்ணீர் துணியோடு வழிந்து உள்ளே இறங்கும். துணியை வெளியே விட்டு, கீழ்ப்பக்கத்தைக் கயிற்றால் கட்டுங்கள். உண்ணியும் ஏறாது.

காலையில் தாண்டிய ஓடையைப் பின்னேரம் தாண்ட முடியவில்லை

இதில்தான் ஆள் போகிறது, அதனால் கொஞ்சம் நின்று வாசியுங்கள்.

நீங்கள் நிற்கும் இடத்தில் மழை விட்டு, வெயில்கூட எறிக்கலாம். ஓடைக்கு அது தெரியாது. வன்னியில் ஆறுகள் குளம் குளமாக இறங்கி வருகின்றன. வவுனியாப் பக்கம் பெய்த மழை கனகராயன் ஆற்றோடு வடக்கே வந்து இரணைமடுக் குளத்தில் சேரும். அது நிரம்பி வான் பாய்ந்தால் (மேலதிகத் தண்ணீர் வழிந்தால்) சுண்டிக்குளம் கடல்நீரேரி வரை போகும். பேராறு முத்தையன்கட்டுக்கும், பாலியாறு வவுனிக்குளத்துக்கும் அதே கதை. மேலே ஒரு சிறு குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் கீழே உள்ள ஓடை சட்டென்று ஏறும். 2018 டிசெம்பர் 21 இரவு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தண்ணீர் எப்படி வந்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படுக்கும்போது முற்றம், எழும்பும்போது குளம்.

ஆகவே ஓடையைத் தாண்டும் முன்பே பின்னேரத்துக்கான வேலையைச் செய்துவிட வேண்டும். தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, அந்தப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் தண்ணீர் குச்சியைத் தாண்டிவிட்டால் திரும்பிவிடுங்கள், மாடு நாளைக்கும் அங்கேதான் நிற்கும். தேயிலைச் சாயம் போலத் தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கி, நுரையும் சருகும் சுள்ளியுமாக வரத் தொடங்கினால் மேலே ஏதோ திறந்திருக்கிறது. அப்போது குச்சியையும் பார்க்கத் தேவையில்லை.

சரி, இதையெல்லாம் பார்க்காமல் போய்விட்டீர்கள், இப்போது இந்தப் பக்கம் நிற்கிறீர்கள். முழங்காலுக்குக் கீழே, ஓட்டம் மெதுவாக, அடி தெரிகிற மாதிரி இருந்தால் தாண்டலாம். அகலமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒடுங்கிய இடம் கிட்டத் தெரியும், ஆனால் ஆழமும் இழுவையும் அங்கேதான் அதிகம். தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, தடியை முன்னால் ஊன்றி, பக்கவாட்டாக அரை அரை அடியாக நகருங்கள். தடியும் இரண்டு காலுமாக மூன்றில் இரண்டு எப்போதும் தரையில் இருக்க வேண்டும். பையின் வார்களைத் தளர்த்தி வையுங்கள், விழுந்தால் உதற வேண்டும்.

முழங்காலுக்கு மேல் ஓட்டம் என்றால் தாண்டவே வேண்டாம். நீந்தத் தெரியும் என்ற கதை ஓடையில் எடுபடாது. வெள்ளத்தில் வரும் மரக்கட்டையும் கரையோரத்து முட்பற்றையும் நீச்சல்காரனைத்தான் முதலில் பிடிக்கும். சின்ன ஓடை மழை விட்டுச் சில மணி நேரத்தில் வடியும். மேட்டுக்கு ஏறிக் காத்திருங்கள். வான் பாயும் குளத்துக்குக் கீழே உள்ள ஓடை ஓர் இரவில் வடியாது, சுற்றித்தான் வர வேண்டும். தண்ணீர் மூடிய பாலத்தை மோட்டார் சைக்கிளில் கடப்பதும் அதே விளையாட்டுத்தான். பாலம் இன்னும் அங்கே இருக்கிறதா என்பது தண்ணீர் வடிந்த பிறகே தெரியும்.

செம்மண் வழுக்குகிறது

குளக்கட்டிலும் டிராக்டர் தடத்திலும் இது வரும். தடத்தின் நடுவில் புல் இருக்கும், அதில் நடவுங்கள். இறக்கத்தில் குதியை ஊன்றாமல் பாதத்தைப் பக்கவாட்டாக வையுங்கள்.

திசை தெரியவில்லை, பார்த்த மரத்தையே மறுபடி பார்க்கிறீர்கள்

வன்னிக் காடு தட்டை. ஏறிப் பார்க்க மலையில்லை. மாரியில் சூரியனும் மேகத்துக்குள் இருக்கும். போனில் சிக்னல் போகும் முன் மனிதனுக்குத் திசை போய்விடும்.

அதே மரம் இரண்டாவது தடவை வந்தால் நில்லுங்கள். நடந்துகொண்டே யோசித்தால் வட்டம் பெரிதாகும், அவ்வளவுதான். போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தால். மோட்டார் சைக்கிளை விட்ட இடத்தைப் புறப்படும்போதே அதில் குறித்துவைக்கப் பழகுங்கள். போனைப் பொலித்தீன் பையில் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போடுங்கள்.

போனும் இல்லையென்றால் வாடை உதவும். இந்தக் காலத்துக் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து. அடர்ந்த காட்டுக்குள் காற்று எட்டாது, ஒரு வெளிக்கு வந்து முகத்தில் படுகிறதா பாருங்கள். துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம், தெற்கு வடக்காகப் போகும் ஏ-9 வீதி கிழக்கிலா மேற்கிலா என்று தெரிந்தால் போதும். ஓடையோடு கீழே போனால் குளம் வரும் என்பது கோடைக்குச் சரி. மாரியில் அது உங்களை அலைகரைச் சேற்றில் கொண்டுபோய் விடும். நல்ல அகலமாக மிதிபட்ட பாதையைக் கண்டு சந்தோஷப்பட்டு அதில் இறங்கும் முன் சாணத்தைப் பாருங்கள். மாட்டுச் சாணம் என்றால் பட்டிக்குப் போகும். யானை விட்டை என்றால் பாதை தண்ணீருக்குப் போகும், அதைப் போட்டவரும் அங்கே இருப்பார்.

பின்னேரம் 4 மணிக்கு மேல் உள்ளே போகாதீர்கள். மழைமூட்டத்தில் காட்டுக்குள் 5 மணிக்கே கை தெரியாது. இருட்டிவிட்டால் நடக்காமல் மேட்டில் இருங்கள். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லியிருந்தால் தேடி வருவார்கள்.

யானைத் தடம், ஆனால் யானையைக் காணவில்லை

தடத்துக்குள் நிற்கும் தண்ணீரைக் குனிந்து பாருங்கள். தண்ணீர் தெளிந்து, அடியில் மண் படிந்து, மேலே இலை மிதந்தால் போய்க் கனநேரம். கலங்கியபடி இருந்தால், தடத்தின் விளிம்பு கூராக, மழைத்துளி பட்டுக் கரையாமல் இருந்தால், இப்போதுதான் போயிருக்கிறது. வந்த வழியே திரும்புங்கள். மாரியில் இலைச் சத்தமும் மழைச் சத்தமும் சேர்ந்து யானையின் சத்தத்தை மூடிவிடும், கொப்பு முறியும் சத்தத்தை நம்பி இருக்க முடியாது. கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டால் கத்தாதீர்கள், பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள். அதற்கு வழிவிட்டு, பெரிய மரத்துக்குப் பின்னால் மறைந்து மறைந்து பின்வாங்குங்கள்.

சூரை முள் பிடித்துக்கொண்டது

மழையில் பற்றை வளர்ந்து பாதையை மூடியிருக்கும். சூரை முள் பின்னோக்கி வளைந்திருப்பதால், முன்னுக்கு இழுத்தால் ஒவ்வொரு முள்ளும் இன்னும் ஆழமாக ஏறும். ஒரு அடி பின்னால் போங்கள். பாதி தானே விடும். மிச்சத்தைக் கொடியின் அடிப்பக்கத்தில் பிடித்து எடுங்கள்.

தரையில் கம்பி, அல்லது பிளாஸ்டிக்கில் ஏதோ வட்டமாக

இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றுதான், கால் அசையக் கூடாது.

கணுக்கால் முதல் முழங்கால் உயரம் வரை பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ நூலோ போனால் பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்காக (கம்பியில் தட்டினால் தானாக வெடிக்கும் துவக்கு) இருக்கலாம். சட்டப்படி குற்றம், ஆனாலும் கட்டுகிறார்கள். தொடாதீர்கள், அறுக்காதீர்கள். தோட்ட விளிம்பில் உள்ள கம்பியில் களவாக மின்சாரம் பாய்ச்சியிருக்கவும் கூடும். ஈரத்தரையில் அது இன்னும் கொடியது.

மிதிவெடி அகற்றும் வேலை, போர் முடிந்த 2009க்குப் பிறகு எத்தனையோ வருடமாக நடக்கிறது. 2017 டிசெம்பரில் மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலும் இலங்கை சேர்ந்தது. அப்படியும் முகமாலைப் பக்கம் போன்ற பழைய முன்னரங்கு நிலங்களில் சும்மா நடக்கலாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மாரி இதில் இரண்டு வேலை செய்கிறது. மண்ணை அரித்து, புதைந்ததை மேலே கொண்டு வருகிறது. வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய், துப்புரவான இடத்தில் போடுகிறது. மிதிவெடி என்று எச்சரிக்கும் சிவப்புப் பலகையும் சரிந்து பற்றைக்குள் கிடக்கலாம். அதனால் பலகை இல்லை என்பது ஒரு ஆதாரம் இல்லை. பச்சை, பழுப்பு நிறத்தில் பாதி மண்ணுக்குள் ஏதாவது தெரிந்தால் நின்று, பின்னால் வருபவர்களையும் நிறுத்தி, உங்கள் காலடித் தடத்திலேயே திரும்புங்கள். ஈரமண்ணில் தடம் நன்றாகத் தெரியும், மாரி செய்யும் ஒரே உதவி. தூரத்தில் நின்று பாதையை மறித்து ஒரு கொப்பைப் போட்டுவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ (119) சொல்லுங்கள். கல் எறிந்து பார்க்கும் பழக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ளதல்ல.

பாதம் வெளிறிச் சுருங்கி எரிகிறது; அட்டை; உண்ணி

நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய பாதம் அப்படித்தான் ஆகும். கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, உலர விடுங்கள். இரவில் பாதத்தை மூடிக் கட்டக் கூடாது. அடுத்த நாளும் போக வேண்டுமென்றால் உலர்ந்த சொக்ஸ் இரண்டு சோடி கொண்டு போங்கள், போகும் முன் வாசலின் பூசுங்கள். விரல் இடுக்கில் வெடித்து நாறத் தொடங்கினால் அது சேற்றுப்புண், பூஞ்சைக்குரிய களிம்பு வேண்டும்.

மலைநாட்டு மழைக்காட்டில் போலத் தரை அட்டை இங்கே பெரிய தொல்லை இல்லை. குளத்தோரத்திலும் தேங்கிய தண்ணீரிலும் நீர் அட்டை ஏறும். நகத்தை அதன் வாய்க்குக் கீழே செருகித் தள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றை விட்டுவிட்டுப் போவதால், கடிவாய் கொஞ்ச நேரம் கசியும். பயப்படத் தேவையில்லை, அழுத்திப் பிடித்தால் போதும்.

உண்ணியை நெருப்பால் சுடுவதும் மண்ணெண்ணெய் பூசுவதும் வேண்டாம். சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள். வீட்டுக்கு வந்ததும் அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்பக்கம் பாருங்கள்.

பாம்பு கடித்தது

கடித்தது எது என்று விவாதிக்க வேண்டாம். முத்திரைப் புடையன் (கண்ணாடி விரியன்) கடித்தால் வலியும் வீக்கமும் வரும். எட்டடி விரியன் (கட்டு விரியன்) கடித்தால் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு கண் இமை விழத் தொடங்கும். வலிக்கவில்லை என்று வீட்டில் இருப்பவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்.

கயிறு இறுக்கிக் கட்டாதீர்கள், வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலில் உள்ள பூட்ஸ், கொலுசு, கயிறு எல்லாவற்றையும் வீங்கும் முன் கழற்றுங்கள். காலைத் தடியோடு சேர்த்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கி வாருங்கள். வீதிக்கு வந்ததும் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. வைத்தியசாலையில் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். "ஊசி போடாமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று அங்கே சண்டை பிடிக்க வேண்டாம். முத்திரைப் புடையன் போன்றவற்றின் விஷம் ஏறியிருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள், ஏறாதவருக்கு அந்த மருந்து போடுவதில்லை. பாம்பை அடித்துக் கொண்டு போகவும் தேவையில்லை.

நடுக்கம் நிற்கவில்லை

வன்னியில் என்ன குளிர் என்று நினைப்பீர்கள். நனைந்த உடுப்பும் வாடையும் சேர்ந்தால் நடுங்கத்தான் செய்யும். பொலித்தீன் பைக்குள் ஒரு உலர்ந்த சாரமும் மேற்சட்டையும் எப்போதும் இருக்கட்டும். மாற்றிக்கொண்டு, இனிப்பாக ஏதாவது சாப்பிடுங்கள். சாராயம் சூடு தரும் என்பது பொய், உடம்பில் உள்ள சூட்டையும் அது வெளியே விடும்.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகு காய்ச்சல்

காடு போனதை எல்லாரும் மறந்திருப்பார்கள். மழையில் நனைந்த காய்ச்சல் என்று பனடோலோடு படுத்துவிடுவார்கள். தேங்கிய தண்ணீரில் நடந்தவருக்கு 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் தசை தொட்டாலே வலித்து, கண் சிவந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சிறுநீர் குறைவதும் கண் மஞ்சளாவதும் முற்றிய நிலை, அதுவரை காத்திருக்கக் கூடாது. 2024 டிசெம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஆட்கள் இறந்ததும் இதனால்தான். வடக்கில் மாரியில் உண்ணிக்காய்ச்சலும் வரும். அதில் பலருக்கு உடம்பில் எங்காவது, பெரும்பாலும் மடிப்பில் மறைந்து, சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டும் நேரத்தோடு போனால் மருந்துக்குக் கேட்கும். அடிக்கடி சேற்றில் இறங்க வேண்டியவர்கள் போகும் முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால், எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பு மாத்திரை பற்றிச் சொல்வார்கள். காய்ச்சலோடு போகிறவர், வைத்தியர் கேட்காவிட்டாலும், எந்தத் திகதியில் எந்தக் காட்டுக்குப் போனேன், தண்ணீரில் இறங்கினேனா, உடம்பில் உண்ணி இருந்ததா என்பதைத் தானாகவே சொல்லிவிட வேண்டும்.